தாமிரபரணி நீரில் மீன்களின் டிஎன்ஏவைத் தேடப் புறப்படுவோருக்கு

மீன் நீந்திப் போன இடத்தில் அதன் சளியும் செதில் துணுக்கும் கழிவும் சில மணி நேரமோ சில நாட்களோ நீரில் தங்கியிருக்கும். அந்த நீரை நுண்ணிய ஃபில்டரில் வடிகட்டி, அதில் சிக்கிய டிஎன்ஏவைப் பிரித்து வாசித்தால், வலை வீசாமலே அந்தப் பகுதியில் எந்தெந்த மீன்கள் வாழ்கின்றன என்று பெருமளவுக்குச் சொல்லிவிடலாம். சூழல் டிஎன்ஏ முறை என்பது இதுதான். பாபநாசத்துக்குக் கீழிருந்து ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு வரை எட்டு இடங்களில் இதைச் செய்து பார்க்க நாங்கள் ஒரு சிறு குழுவாக இறங்கினோம். முதல் சுற்றில் எடுத்த 24 மாதிரிகளில் ஒன்றைக்கூடப் பயன்படுத்த முடியவில்லை.

காரணம், வெளியிலிருந்து மாசு புகுந்ததா என்று பார்ப்பதற்காகச் சுத்த நீரை வடிகட்டி எடுத்த, ஆற்று நீரே படாத வெற்று மாதிரியில் ரோகுவும் சாளையும் வந்திருந்தன. சாளை கடல் மீன். எங்கள் ஐஸ் பெட்டிக்குள் அது எப்படி வந்தது என்று ஒவ்வொரு நாளின் குறிப்பையும் திரும்பப் படித்தபோதுதான், இரண்டாம் நாள் மதியம் வாங்கிய மீன் குழம்புச் சாப்பாட்டுப் பொட்டலங்களை அதே ஐஸ் பெட்டியின் மூடிமேல் வைத்துப் பிரித்தது நினைவுக்கு வந்தது. கையுறையை மாற்றியிருந்தோம், மூடியைத் துடைக்கவில்லை. ஒரு பருவமும் ஏறக்குறைய மூன்றரை லட்சம் ரூபாயும் அதில் போயின.

நீரை எடுப்பது இந்த வேலையில் மிக எளிய பகுதி. அதற்கு முன்னால் முடித்திருக்க வேண்டியவற்றை முடிக்காமல் நீரை எடுத்ததுதான் எங்கள் தவறு. அதனால்தான் இந்த வழிகாட்டியில் ஆற்றில் இறங்குவது ஆறாவது படியாக வருகிறது. கல்லூரி ஆசிரியர்கள், முனைவர் பட்ட மாணவர்கள், சிறு இயற்கை அமைப்புகள் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

1. கேள்வியை ஒரே வரியில் எழுதிக்கொள்ளுங்கள்

ஒரே ஒரு மீன் இருக்கிறதா என்பது கேள்வி என்றால், எடுத்துக்காட்டாக ஆப்பிரிக்கக் கெளுத்தி இந்த அணைக்கட்டைத் தாண்டிவிட்டதா என்பது கேள்வி என்றால், அந்த இனத்துக்கென்றே வடிவமைத்த ப்ரைமரை, அதாவது பெருக்க வேண்டிய டிஎன்ஏ பகுதியில் போய் ஒட்டும் சிறு துண்டைக் கொண்டு செய்யும் க்யூபிசிஆர் (டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆர் முறையின் அளவிடும் வடிவம்) போதும். செலவு குறைவு, முடிவு விரைவில் வரும். எல்லா மீன்களின் பட்டியலும் வேண்டும் என்றால் மெட்டாபார்கோடிங் செய்ய வேண்டும். அதில் எல்லா மீன்களுக்கும் பொதுவான ப்ரைமரால் ஒரு சிறு டிஎன்ஏ பகுதியைப் பெருக்கி, லட்சக்கணக்கான துணுக்குகளை ஒரே நேரத்தில் சீக்வென்சிங் செய்து (எழுத்து எழுத்தாக வாசித்து), ஒவ்வொன்றும் எந்த மீனுடையது என்று தரவுத்தளத்தோடு ஒப்பிடுகிறார்கள். இந்தக் கட்டுரை பெரும்பாலும் இரண்டாவதைப் பற்றியது.

இந்த முறையால் சொல்ல முடியாதவற்றையும் அதே தாளில் எழுதி வையுங்கள். மீனின் எண்ணிக்கை, நீளம், வயது, அது குஞ்சா சினை மீனா என்பவை இதில் தெரியாது. நாம் வாசிக்கும் பகுதி தாய்வழியாக மட்டும் வரும் மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏ என்பதால், கலப்பின மீன் அதன் தாயின் இனமாகவே தெரியும். கட்லாவும் ரோகுவும் கலந்த பண்ணை மீன்கள் உள்ள இடத்தில் இதை மறக்கக் கூடாது. மீன்வளத்தின் அளவை அறிய விரும்பும் அதிகாரியிடம் இந்த முறையை முன்வைத்தால், ஆறு மாதம் கழித்து அவருக்கும் உங்களுக்கும் ஏமாற்றமே மிஞ்சும்.

2. அனுமதிகளும் ஆவணங்களும்: நான்கு மாதம் ஒதுக்குங்கள்

"தண்ணீர்தானே எடுக்கிறோம்" என்று நினைப்பதுதான் முதல் பொறி. தாமிரபரணியின் மேற்பகுதி, அதாவது காரையாறு, சேர்வலாறு அணைகளும் அவற்றுக்கு மேலுள்ள ஓடைகளும், களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் வருகின்றன. அங்கே ஆய்வுக்காக நுழைவதற்கே 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். எங்கள் விண்ணப்பம் ஒரு முறை விளக்கம் கேட்டுத் திரும்பி வந்து, மொத்தம் மூன்றரை மாதம் எடுத்தது.

விளக்கம் கேட்டு வராமலிருக்க, விண்ணப்பத்திலேயே இவற்றை எழுதிவிடுங்கள்: எத்தனை இடம், ஒவ்வொன்றின் அட்சரேகை தீர்க்கரேகை, ஓரிடத்தில் எத்தனை லிட்டர், எத்தனை பேர், எந்தத் தேதிகள், மீன் பிடிக்கப்படுமா, எந்த வேதிப்பொருளாவது ஆற்றோரம் கொண்டுவரப்படுமா, மாதிரி எந்த ஆய்வகத்துக்குப் போகிறது. மீனின் துடுப்பிலிருந்து திசு எடுக்கும் எண்ணம் இருந்தால், அதை இப்போதே தனியாகக் கேளுங்கள். நீருக்குக் கிடைத்த அனுமதி மீனுக்குச் செல்லாது.

காப்பகத்துக்கு வெளியே, அணைக்கட்டுகளின் மதகுப் பகுதிக்குள் போக நீர்வளத்துறையின் உதவிப் பொறியாளர் அலுவலகத்தில் ஒரு கடிதம் கொடுத்துப் பெறுகை முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். கரையில் கையுறையும் சிரிஞ்சுமாக நிற்பவர்களைக் கண்டால் ஊரார் கேட்கத்தான் செய்வார்கள். அந்தக் கடிதத்தின் நகலைக் காட்டியபோது எங்களுக்குப் பேச்சு எளிதாக முடிந்தது.

வெளிநாட்டு ஆய்வாளர் குழுவில் இருந்தாலோ, மாதிரியை வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப நினைத்தாலோ, 2002-ஆம் ஆண்டு உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம் குறுக்கே வரும். அதற்குச் சென்னையிலுள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தை முன்கூட்டியே அணுக வேண்டும். முதல்முறை செய்பவர்கள் வெளிநாட்டை நினைக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. நாட்டுக்குள்ளேயே இந்த சீக்வென்சிங்கைச் செய்து தரும் ஆய்வகங்கள் பல இருக்கின்றன.

அதிகம் பேருக்குத் தெரியாத இன்னொரு ஆவணம் எத்தனாலுக்கானது. ஆய்வகத் தர எத்தனாலை வாங்கவும் இருப்பு வைக்கவும் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறையின் விதிகள் உண்டு. உங்கள் கல்லூரியின் வேதியியல் துறையிடம் அந்த உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஏழாம் படியில் சொல்லும் மாற்று வழிக்குப் போங்கள்.

3. உங்கள் ஆற்று மீன்கள் தரவுத்தளத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள்

பெரும்பாலானோர் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். பிறகு வருந்துவதும் இதற்காகத்தான். மெட்டாபார்கோடிங்கில் மீன்களுக்கு மிகுதியாகப் பயன்படும் ப்ரைமர் மைஃபிஷ். அது 12எஸ் என்ற மைட்டோகாண்ட்ரிய மரபணுவில் ஏறக்குறைய 170 டிஎன்ஏ எழுத்து நீளமுள்ள பகுதியைப் பெருக்கும். ஆற்றிலிருந்து கிடைத்த 170 எழுத்தும், ஜென்பேங்க் அல்லது மைட்டோஃபிஷ் தரவுத்தளத்தில் பெயரோடு பதிவான 170 எழுத்தும் பொருந்தினால்தான் மீனுக்குப் பெயர் கிடைக்கும். பதிவே இல்லாத மீன் ஆற்றில் ஆயிரக்கணக்கில் இருந்தாலும், உங்கள் பட்டியலில் அது "கெண்டைக் குடும்பம், இனம் தெரியவில்லை" என்றோ, அதைவிட மோசமாக, வேறொரு நெருங்கிய மீனின் பெயரிலோ வந்து நிற்கும்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் இந்தச் சிக்கல் பெரியது. தாமிரபரணியின் பெயரையே தாங்கிய "டாக்கின்சியா தம்ப்ரபர்னியை" என்ற கெண்டை வகை போன்ற, வேறெங்கும் இல்லாத மீன்கள் இந்த ஆற்றில் உண்டு. இவற்றின் சிஓஐ என்ற மற்றொரு மரபணுவின் எழுத்து வரிசை கிடைத்தாலும் 12எஸ் வரிசையும் கிடைக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். மீன்களை அடையாளம் காண்பதற்காக இதுவரை பதிவான வரிசைகளில் பெரும்பகுதி சிஓஐ மரபணுவுக்கு உரியது. சூழல் டிஎன்ஏவுக்கு நாம் பயன்படுத்துவது 12எஸ்.

எனவே இப்படிச் செய்யுங்கள். உங்கள் ஆற்றுக்கு இதுவரை பதிவான மீன்களின் அறிவியல் பெயர்ப் பட்டியலைத் தயாரித்து, ஒவ்வொன்றுக்கும் 12எஸ் வரிசை இருக்கிறதா என்று ஒரு தாளில் குறியுங்கள். ஒரு முழு நாள் வேலை. இல்லாதவற்றுக்கு நீங்களே ஒப்பீட்டு வரிசை உருவாக்க வேண்டும். அணைக்கட்டுகளில் வலை வீசுவோரிடம் சொல்லி வைத்தால் காப்பகத்துக்கு வெளியே கிடைக்கும் மீன்கள் பெரும்பாலும் வந்துவிடும். ஆனால் அவர்கள் "கெண்டை" என்று கொடுப்பதில் ஐந்தாறு இனங்கள் இருக்கலாம். "கெளுத்தி", "அயிரை" என்பவையும் அப்படியே. பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள், அடையாளத்தை வகைப்பாட்டியல் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

ஒவ்வொரு மீனையும் இடப்பக்கம் தெரியும்படி அளவுகோலோடு படம் எடுங்கள். பிறகு வலப்பக்க மார்புத் துடுப்பில் நக அளவு துண்டு வெட்டி 95 விழுக்காட்டு எத்தனாலில் போடுங்கள். அதன் பிறகுதான் மீன் ஃபார்மலினுக்குப் போகலாம். இந்த வேலைகள் முன்பின்னாக மாறினால் டிஎன்ஏ கெட்டுவிடும். ஃபார்மலினில் ஊறிய மீனிலிருந்து நல்ல டிஎன்ஏ எடுப்பது மிகக் கடினம். துண்டுகளிலிருந்து சிஓஐ, 12எஸ் இரண்டையும் வாசிக்கச் சொல்லுங்கள்: சிஓஐ மீனின் அடையாளத்தைச் சரிபார்க்க, 12எஸ் நீர் மாதிரியோடு ஒப்பிட. எங்களுக்கு 25 மீன்களுக்குச் சுமார் 30,000 ரூபாய் ஆயிற்று. மொத்தச் செலவில் மிகப் பயனுள்ளதாக இருந்த தொகை அது.

நெருங்கிய சில இனங்களுக்கு இந்த 170 எழுத்தும் ஒன்றாகவே இருக்கும். அவற்றை இப்போதே கண்டுபிடித்து "இவை இரண்டும் பிரியாது" என்று எழுதி வைத்தால், முடிவு வந்த பிறகு வீண் விவாதம் இராது.

4. ஆய்வகத்தையும் செலவையும் பேசி முடியுங்கள்

விலை கேட்கும்போது "மீன் 12எஸ் மெட்டாபார்கோடிங்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். பாக்டீரியாவுக்கான 16எஸ் பணியை எல்லோரும் செய்கிறார்கள். அதற்கான விலையைச் சொல்லிவிட்டு, பிறகு ப்ரைமர் தனி, சோதனை ஓட்டம் தனி என்று கூட்டுவது எங்களுக்கு நேர்ந்தது. நூலகத் தயாரிப்பு (டிஎன்ஏவை சீக்வென்சிங்குக்கு ஏற்றபடி தயார் செய்வது), சீக்வென்சிங், மூலத் தரவுக் கோப்பு, பிசிஆர் வெற்று மாதிரி ஆகிய எல்லாம் அந்த விலைக்குள் அடக்கமா என்று எழுத்தில் வாங்குங்கள். ஒரு மாதிரிக்குக் குறைந்தது 50,000 வாசிப்புகள், அதாவது வாசிக்கப்பட்ட டிஎன்ஏ துணுக்குகள், என்பதையும் எழுதச் சொல்லுங்கள். அதே அறையில் அன்றாடம் ரோகு, கட்லா டிஎன்ஏவைப் பெருக்கும் ஆய்வகமாக இருந்தால், அங்கே மாசு வரும் வாய்ப்பு மிகுதி. பிசிஆருக்கு முந்திய வேலைக்கும் பிந்திய வேலைக்கும் தனித்தனி அறைகள் உள்ளனவா என்று கேட்கத் தயங்காதீர்கள்.

எங்கள் ஒரு சுற்றின் கணக்கு இது. எட்டு இடம், இடத்துக்கு மூன்று மாதிரி, ஆக 24. நான்கு நாள் களப்பணிக்கு நாளொன்றுக்கு ஒரு கள வெற்று மாதிரி, ஆக 4. டிஎன்ஏ பிரிக்கும்போது இரண்டு வெற்று மாதிரி. பிசிஆரில் வெற்று ஒன்று, பிசிஆர் சரியாக நடந்ததா என்று பார்க்கத் தெரிந்த மீனின் டிஎன்ஏ ஒன்று. மொத்தம் 32. உறையிட்ட ஃபில்டர் ஒன்று 800 ரூபாய் வீதம் 28-க்கு 22,400. டிஎன்ஏ பிரிக்கும் கிட் 30,000. நூலகமும் சீக்வென்சிங்கும் மாதிரிக்கு 7,500 வீதம் 2,40,000, அதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி 43,200. வண்டி நான்கு நாளுக்கு 14,000. கையுறை, சிரிஞ்ச், ஐஸ் முதலியவை 15,000. கூட்டினால் 3,64,600 ரூபாய். உங்களுக்கு வரும் விலை மாறும், ஆனால் விகிதம் பெரிதாக மாறாது: முக்கால் பங்குக்கு மேல் சீக்வென்சிங்குக்கே போகும். பணம் குறைவாக இருந்தால் இடங்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள். வெற்று மாதிரிகளில் கை வைக்காதீர்கள்.

ஃபில்டரும் கிட்டும் இறக்குமதிப் பொருட்கள் என்பதால் ஆர்டர் கொடுத்து ஆறு முதல் எட்டு வாரம் காத்திருக்க வேண்டியிருந்தது. அனுமதிக்கு விண்ணப்பித்த அதே வாரத்தில் ஆர்டரும் கொடுத்துவிடுங்கள்.

5. இடமும் காலமும்

ஆற்றில் டிஎன்ஏ ஓரிடத்தில் நிற்பதில்லை. நீரோட்டத்தோடு சில நூறு மீட்டரிலிருந்து சில கிலோமீட்டர் வரை இறங்கி வரும். ஆகவே ஒரு பாட்டில் நீர், நீங்கள் நிற்கும் படித்துறையை மட்டும் காட்டாமல், மேலே உள்ள ஒரு நீண்ட பகுதியையும் சேர்த்தே காட்டுகிறது. கிளையாறு சேருமிடங்களில், எடுத்துக்காட்டாகச் சிற்றாறு வந்து சேரும் சீவலப்பேரியில், சந்திப்புக்கு மேல் இரண்டு ஆற்றிலும் தனித்தனியாக எடுங்கள். கீழே எடுத்தால் எந்த மீன் எந்த ஆற்றிலிருந்து வந்தது என்று பிரிக்க முடியாது.

வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேண்டாம். நீர் கலங்கி ஃபில்டர் அடைக்கும், டிஎன்ஏவும் நீர்த்துப் போயிருக்கும், ஆற்றோரத்தில் நிற்பதே ஆபத்து. நாங்கள் பிப்ரவரி–மார்ச், ஜூலை–ஆகஸ்ட் என்று இரண்டு சுற்றாகப் பிரித்தோம். களப்பணிக்கு முந்திய இரண்டு நாளில் பெருமழை பெய்திருந்தால் தள்ளிப்போடுங்கள். அணையில் எப்போது நீர் திறக்கிறார்கள் என்பதையும் பொறியாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மதகு திறந்தவுடன் எடுத்த நீரில் அணைக்குள் இருக்கும் மீன்களின் டிஎன்ஏ மேலோங்கி வரும்.

நகரங்களுக்குக் கீழே எடுக்கும்போது கழிவு வாய்க்கால்களை வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். மீன் சந்தையில் கழுவிய நீரும் வீட்டுச் சமையலறை நீரும் வாய்க்கால் வழியாக ஆற்றுக்கு வருகின்றன. இரண்டாம் சுற்றில் வெற்று மாதிரிகளெல்லாம் சுத்தமாக இருந்தும், நகரத்துக்குக் கீழே எடுத்த இரண்டு இடங்களில் சாளை வந்தது. கடலிலிருந்து அவ்வளவு தொலைவில், அணைக்கட்டுகளைத் தாண்டி, சாளை நீந்தி வரவில்லை; சட்டியிலிருந்து வந்தது. சாளையாக இருந்ததால் கண்டுபிடித்தோம். அதே வழியில் சந்தை ரோகுவோ விராலோ வந்திருந்தால் ஆற்று மீன் என்றே எழுதியிருப்போம். கொக்கு, நீர்க்காகம் போன்ற பறவைகளின் எச்சமும் பக்கத்துக் குளத்து மீனை ஆற்றுக்குக் கொண்டுவரும்.

6. ஆற்றங்கரையில்

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு, கட்லா, ரோகு, மிர்கால் மட்டும் விட்டிருக்கும் ஒரு பண்ணைக் குளத்தில் முழு ஒத்திகை பாருங்கள். எந்த மீன் வர வேண்டும் என்று முன்பே தெரிந்த இடம் அது. கை பழகுவதற்கும் முறையைச் சோதிப்பதற்கும் அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் அந்த உடையையும் செருப்பையும் அப்படியே ஆற்றுக்கு அணிந்து போகாதீர்கள்.

பாட்டில், குழாய், இடுக்கி, ஐஸ் பெட்டி எல்லாவற்றையும் பத்து விழுக்காட்டு பிளீச் கரைசலில், அதாவது கடையில் கிடைக்கும் திரவ பிளீச் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு நீர் சேர்த்ததில், பத்து நிமிடம் ஊறவைத்து, நல்ல நீரில் பலமுறை அலசுங்கள். பிளீச் மிச்சமிருந்தால் மாதிரியின் டிஎன்ஏவையும் அழித்துவிடும். எத்தனால் டிஎன்ஏவை அழிக்காது. அதால் துடைத்துவிட்டுச் சுத்தம் என்று நினைப்பது பரவலான தவறு. பயன்படுத்திய பிளீச்சை ஒரு கேனில் பிடித்துத் திரும்பக் கொண்டுபோங்கள், ஆற்றில் ஒரு சொட்டும் விடக்கூடாது. டிஎன்ஏ பிரிக்கும் கிட்டின் திரவங்களோடு பிளீச் கலந்தால் நச்சு வாயு வரும் என்பதையும் குழுவில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.

கள வெற்று மாதிரிக்கான நீரை ஆய்வகத்திலிருந்தே மூடிய பாட்டிலில் எடுத்துப் போங்கள். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரை அவசரத்துக்கு வாங்கிப் பயன்படுத்தினால், அதில் முன்பே என்ன இருந்தது என்று உங்களால் சொல்ல முடியாது. ஆற்று நீரைத் தொடுவதற்கு முன்பே, அதே இடத்தில், அதே கையால் இந்த நீரை வடிகட்டி முடியுங்கள்.

மேலிருந்து கீழாக இடம் இடமாக வராதீர்கள். ஆற்றின் கீழ்ப்பகுதியில் தொடங்கி மேலே போங்கள். நீரில் இறங்க வேண்டியிருந்தால் ஓட்டத்தை எதிர்த்து நின்று, உங்கள் காலுக்கு மேற்புறமுள்ள நீரை எடுங்கள். அடிச்சேறு கிளம்பினால் அதில் படிந்துள்ள பழைய டிஎன்ஏவும் வந்துவிடும். படித்துறையில் துவைப்பவர்களும் குளிப்பவர்களும் இருந்தால் அவர்களுக்கு மேற்புறம் போங்கள். முடிந்தால் விடியற்காலையில் முடித்துவிடுங்கள்.

வடிகட்டும் வேலை இப்படி நடக்கும். 50 மில்லி சிரிஞ்சில் நீரை இழுத்து, 0.45 மைக்ரான் ஸ்டெரிவெக்ஸ் போன்ற உறையிட்ட ஃபில்டரில் பொருத்தி, மெதுவாக அழுத்துங்கள். ஒரு லிட்டருக்கு இருபது முறை. முதல் ஐந்து எளிதாகப் போகும், பத்துக்கு மேல் கட்டைவிரல் வலிக்கத் தொடங்கும், தெளிந்த மலை நீராக இருந்தாலும் பதினைந்துக்கு மேல் உள்ளங்கையால்தான் தள்ள வேண்டியிருக்கும். வயல் வடிகால் சேரும் ஒரு அணைக்கட்டில் எங்களுக்கு 250 மில்லியிலேயே அடைத்துவிட்டது. அப்போது பலம் கொண்டு தள்ளாதீர்கள். தள்ளிக்கொண்டிருக்கும்போது திடீரென்று கை இலேசாகிறதென்றால் உள்ளே சவ்வு கிழிந்துவிட்டது என்று பொருள். அந்த ஃபில்டரை ஒதுக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். கலங்கல் நீருக்கு ஒரு மாதிரிக்கு இரண்டு ஃபில்டர் என்று கணக்கு வைத்துக்கொள்வது நல்லது. எவ்வளவு மில்லி போனது என்பதை அங்கேயே எழுதுங்கள். பிறகு இடங்களை ஒப்பிடுவதற்கு அந்த எண் கட்டாயம் வேண்டும்.

ஒவ்வொரு மாதிரிக்கும் புதிய கையுறை, புதிய சிரிஞ்ச். ஒருவர் நீரைத் தொடுபவர், மற்றவர் எழுதுபவர். அன்று முழுவதும் மாற்றிக்கொள்ளக் கூடாது. களப்பணி நாட்களில் குழுவில் யாருக்கும் மீன் சாப்பாடு இல்லை, கருவாடும் இல்லை. இது எங்கள் குழுவின் எழுதப்பட்ட விதி.

7. பாதுகாத்தலும் அனுப்புதலும்

வெயிலில் டிஎன்ஏ விரைவாகச் சிதையும். கரையிலேயே வடிகட்ட முடியாமல் நீரைப் பாட்டிலில் எடுத்துப் போவதென்றால், ஐஸில் வைத்து, அன்றே சில மணி நேரத்துக்குள் வடிகட்டிவிடுங்கள். வடிகட்டிய ஃபில்டரை மைனஸ் 20 டிகிரியில் வைக்கலாம். அல்லது எத்தனாலிலோ லாங்மயர் கரைசலிலோ ஊறவைக்கலாம்.

எத்தனாலில் போட்ட மாதிரியைக் கூரியரில் அனுப்ப முயன்றபோது, தீப்பற்றும் பொருள் என்று திருப்பிவிட்டார்கள். உலர் பனிக்கட்டி எங்கள் ஊரில் எளிதாகக் கிடைக்கவில்லை. லாங்மயர் கரைசல் அறை வெப்பநிலையிலேயே டிஎன்ஏவை வாரக்கணக்கில் காக்கும், தீப்பற்றாது, அனுமதியும் வேண்டாம். எந்த உயிர்வேதியியல் ஆய்வகத்திலும் ஒரு மணி நேரத்தில் தயாரித்துவிடலாம். சிறு ஊர்களிலிருந்து வேலை செய்பவர்களுக்கு நான் இதையே பரிந்துரைக்கிறேன். எங்கள் இரண்டாம் சுற்று மாதிரிகளை அதில் போட்டு, ஒருவர் இரவு ரயிலில் கையோடு கொண்டுபோய் ஆய்வகத்தில் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கி வந்தார்.

8. ஆய்வகத்தில் நடப்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்

டிஎன்ஏ பிரித்த பிறகு ஆய்வகம் ஒரு செறிவு அளவை அனுப்பும். அந்த எண் பெரிதாக இருக்கிறதே என்று மகிழ வேண்டாம். ஆற்று நீரில் பிரித்த டிஎன்ஏவில் பெரும்பகுதி பாக்டீரியாவுடையது, மீனுடையது மிகச் சிறு பங்கு. இலை மட்கிய மலை ஓடைகளில் நீர் தேநீர் நிறத்தில் இருக்கும். அதிலுள்ள மட்குப் பொருட்கள் பிசிஆரைத் தடுக்கும். "உங்கள் மாதிரியில் மீன் இல்லை" என்று சொன்னால், பத்து மடங்கு நீர்த்து ஒருமுறை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். எங்களுக்கு இரண்டு மாதிரிகள் அப்படித்தான் மீண்டன.

ஒவ்வொரு மாதிரிக்கும் குறைந்தது மூன்று பிசிஆர், எந்த மாதிரியின் டிஎன்ஏ என்று அடையாளம் காட்ட ஒவ்வொரு மாதிரிக்கும் இரு முனையிலும் தனித்தனிக் குறியீடு என்பவற்றையும் கேட்டு உறுதி செய்யுங்கள். குறியீடுகளைப் பகிர்ந்து பயன்படுத்தினால் ஒரு மாதிரியின் வாசிப்புகள் இன்னொன்றுக்குத் தாவும். தெரிந்த மீனாக உங்கள் ஆற்றில் இருக்கவே முடியாத ஒன்றைக் கொடுங்கள். அப்போது அது வேறெங்காவது தலைகாட்டினால் தாவல் நடந்திருக்கிறது என்று உடனே தெரியும்.

இந்தக் கட்டத்துக்கு எட்டு முதல் பத்து வாரம் ஆகும்.

9. முடிவை வாசிப்பது

முதலில் திறக்க வேண்டியது வெற்று மாதிரிகளின் கோப்பை. அவற்றில் ஒரு மீன் எத்தனை வாசிப்பில் வந்திருக்கிறதோ, அந்த அளவுக்கு மேல் வராத இடங்களில் அந்த மீனை எண்ணாதீர்கள். வெற்று மாதிரியிலேயே ஆயிரக்கணக்கில் வந்திருந்தால், எங்களுக்கு நேர்ந்ததைப் போல், அந்தச் சுற்றைக் கைவிடுவதுதான் நேர்மை. மனிதன், மாடு, ஆடு ஆகியவற்றின் வரிசைகளும் வரும். அவற்றை நீக்கிவிட்டுப் போகலாம்.

99 விழுக்காடு பொருந்தினால் இனத்தின் பெயரை எழுதலாம், 97-க்குக் கீழே போனால் பேரினத்தோடு நிறுத்துங்கள். கணினி தரும் முதல் பெயரை அப்படியே எழுதிவிடாமல், அந்த மீன் இந்த ஆற்றில் இருக்க வாய்ப்புள்ளதா என்று மூன்றாம் படியில் தயாரித்த தாளோடு ஒப்பிடுங்கள். எங்கள் பட்டியலில் வட இந்தியக் கெண்டை ஒன்று வந்தது. நாங்களே உருவாக்கிய ஒப்பீட்டு வரிசைகளைச் சேர்த்து மறுபடி ஓட்டியபோது அது நம் ஆற்று மீனாக மாறியது.

வாசிப்பு எண்ணிக்கையை மீன் எண்ணிக்கையாகப் படிக்கக் கூடாது. ஜிலேபி 40,000 வாசிப்பும் ஆரல் 400 வாசிப்பும் காட்டினால், ஜிலேபி நூறு மடங்கு என்று பொருளில்லை. ப்ரைமர் ஒட்டும் விதம், மீன் சளி விடும் அளவு, அது நின்ற தூரம் எல்லாம் அந்த எண்ணுக்குள் இருக்கின்றன.

வராத மீனை இல்லை என்று எழுதுவதில் இன்னும் கவனம் வேண்டும். ஒரு அரிய மீன் ஒரு பாட்டிலில் அகப்படும் வாய்ப்பு 40 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், மூன்று பாட்டிலிலும் தவறிப்போகும் வாய்ப்பு ஏறக்குறைய 22 விழுக்காடு. ஆறு பாட்டில் எடுத்தால் அது 5 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கும். ஆகவே அருகிவரும் ஒரு மீனைத் தேடுகிறீர்கள் என்றால் இடங்களைக் குறைத்துப் பாட்டில்களைக் கூட்டுங்கள். அறிக்கையில் "இல்லை" என்று எழுதாமல், "இத்தனை பாட்டிலில் தென்படவில்லை" என்று எண்ணோடு எழுதுங்கள்.

அயல் மீன் ஒன்று புதிய இடத்தில் தென்பட்டால், செய்தியாக வெளியிடுவதற்கு முன்பு அங்கே மறுபடி நீர் எடுத்துப் பாருங்கள், மீனவரிடமும் கேளுங்கள். 2023 டிசம்பர் பெருவெள்ளத்தில் இம்மாவட்டங்களில் குளங்கள் பல உடைந்ததால், குளத்து வளர்ப்பு மீன் ஆற்றில் வருவது வியப்பில்லை. ஆனால் ஒரே பாட்டிலில் ஒரே முறை வந்ததை வைத்து அது பரவிவிட்டது என்று சொல்லிவிட முடியாது.

10. மீதியைச் சேமித்து வைத்தல்

பிரித்த டிஎன்ஏவில் பாதியை ஆய்வகத்திலிருந்து திரும்பப் பெறுங்கள். ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் மூன்று மாதத்தில் கொட்டிவிடுவார்கள். மூலத் தரவுக் கோப்புகளை, ஜென்பேங்கை நடத்தும் என்சிபிஐ அமைப்பின் வாசிப்புக் களஞ்சியத்திலோ, ஃபரிதாபாத்திலுள்ள இந்திய உயிரியல் தரவு மையத்திலோ பதியுங்கள். அழியும் நிலையிலுள்ள மீன்களின் துல்லியமான இடத்தை மட்டும் பொதுவில் வைக்காதீர்கள். அலங்கார மீன் வணிகத்துக்காகப் பிடிப்போரும் அதைப் படிப்பார்கள். வட்டத்தின் பெயரோடு நிறுத்தி, சரியான இடத்தை வனத்துறைக்குத் தனிக் கடிதத்தில் கொடுங்கள்.

குழாய்களின் மேல் மார்க்கரால் எழுதியது எத்தனால் பட்டால் அழிந்துவிடும். சிறு காகிதத்தில் பென்சிலால் இடம், தேதி, மில்லி அளவு எழுதிக் குழாய் இருக்கும் பைக்குள் போடுங்கள். குளிர்பெட்டி மின்தடையில் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, மாதிரிகளை இரண்டாகப் பிரித்து இரண்டு வெவ்வேறு கட்டடங்களில் வையுங்கள். இன்று பெயர் கிடைக்காத வரிசைகளுக்கு ஒப்பீட்டு வரிசை வரும்போது அதே குழாயைத் திறந்து மறுபடி பார்க்க வேண்டியிருக்கும்.